ஆயாவைச் சாமியாக்காதீங்க

பாட்டியைப் பத்தி எழுதறதுன்னா நம்ம ஆளுங்களுக்குக் கை தன்னால ஓடும். பாட்டி கைமணம், பாட்டி வைத்தியம், பாட்டி சொன்ன கதை, பாட்டி புடவை வாசம்... கொசுவத்தியை ஒரு சுத்து சுத்தி விட்டா, பதிவு முடியறதுக்குள்ள எழுதறவங்க கண்ணுலயும் தண்ணி, படிக்கறவங்க கண்ணுலயும் தண்ணி. நானும் இதையெல்லாம் ஆசையா படிக்கற ஆள்தான். ஆனா கொஞ்ச நாளா ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருக்கு. இந்தப் பதிவுகள்ல வர்ற பாட்டிங்க எல்லாரும் ஒரே பாட்டியா இருக்காங்க! விடியக்காலம் எழுந்தாங்க, ஊருக்கே ஆக்கிப் போட்டாங்க, தனக்குன்னு ஒண்ணும் கேக்கல, கடைசி வரைக்கும் ஒரு மாத்திரை முழுங்கல, ஒரு நாள் போய்ச் சேர்ந்தாங்க. தெய்வம்!

எனக்கு என்ன தோணுதுன்னா, தெய்வம்னு சொல்லிடறது நமக்கு ரொம்ப வசதி. தெய்வத்துக்கு வருஷத்துல ஒரு நாள் படையல் போட்டா போதும். அது நெலத்துல பங்கு கேக்காது. நீ ஏன் அப்படிப் பண்ணேன்னு நாமும் அதைக் கேக்க வேண்டியதில்ல. மனுஷின்னு ஒத்துக்கிட்டாதான் கணக்கு பாக்கணும். அவங்களுக்கு வர வேண்டியது என்ன, வந்தது என்ன, அவங்க அடுத்தவங்களுக்குக் கொடுத்தது என்ன, கொடுக்காதது என்னன்னு ரெண்டு பக்கமும் எழுதணும். இந்தப் பதிவு அந்தக் கணக்குதான். எங்க ஆயாவோட கணக்கு.

ஆயான்னதும் பள்ளிக்கூடத்து ஆயா, ஆஸ்பத்திரி ஆயான்னு நினைச்சுக்காதீங்க. கள்ளக்குறிச்சி பக்கம் எங்களுக்குப் பாட்டின்னா ஆயாதான். சென்னைக்கு வேலைக்குப் போன புதுசுல, "எங்க ஆயா உடம்பு சரியில்ல, ஊருக்குப் போகணும்"னு லீவு கேட்டதுக்கு, "வேலைக்காரம்மாவுக்கு எல்லாம் லீவு எடுப்பீங்களா"ன்னு ஒருத்தர் கேட்டார். குழந்தை பாத்துக்கற ஆயா போர்ச்சுகீசியர்கள்கிட்ட இருந்து வந்த சொல்லு. எங்க ஆயா, தாயைக் குறிக்கற "ஆய்"ங்கற தமிழ்ச் சொல்லுல இருந்து வந்தவங்க. வேர் வேற வேற. ஆனா யோசிச்சுப் பார்த்தா ரெண்டு ஆயாவும் பார்த்த வேலை கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஒருத்தருக்குச் சம்பளம் உண்டு, ஒருத்தருக்கு இல்ல.

சரி, மேட்டருக்கு வருவோம்.

எங்க ஆயா எப்பப் பொறந்தாங்கன்னு யாருக்கும் தெரியாது. கேட்டா, "அதெல்லாம் எந்தக் கழுதை எழுதி வெச்சுது?"ம்பாங்க. சங்கராபுரம் பக்கத்து கிராமத்துல இருந்து கள்ளக்குறிச்சிக்கு வாக்கப்பட்டு வந்தாங்க. காந்தி செத்தப்போ (1948) எங்க பெரியப்பா இடுப்புல. நேரு செத்தப்போ (1964) எங்க அப்பா அஞ்சாவது படிக்கிறார். அதை வெச்சு முன்ன பின்ன தள்ளிப் பார்த்தா 1925 வாக்குல பொறந்திருக்கலாம். 2003ல செத்துப் போனாங்க. பதிமூணு, பதினாலு வயசுல கல்யாணம். பதினாலுக்குக் கீழே பொண்ணு கட்டக் கூடாதுன்னு 1929லயே சாரதா சட்டம் வந்தாச்சு. சட்டம் எங்க ஊருக்கு வந்து சேர்றதுக்குள்ள எத்தனை கல்யாணம் நடந்துதோ!

வாக்கப்பட்டு வந்த தெருவை விட்டு ஆயா எங்கயும் குடி போகல. ஆனா விலாசம் மட்டும் மாறிக்கிட்டே இருந்துது. மெட்ராஸ் ராஜதானியில இருந்தாங்க, அப்புறம் மெட்ராஸ் மாநிலம், 1969ல தமிழ்நாடு. தென்னாற்காடு மாவட்டமா இருந்தது 1993ல விழுப்புரம் மாவட்டமாச்சு. கள்ளக்குறிச்சியே தனி மாவட்டம்னு 2019ல ஆனதைப் பார்க்க அவங்க இல்ல. இருந்திருந்தா, "அதுக்கு நான் இன்னா பண்ணணும்?"னு கேட்டிருப்பாங்க.

இப்ப முதல் கணக்கு. ஆரோக்கியம்.

"அந்தக் காலத்துல நோயே இல்ல, கேழ்வரகும் கம்பும் தின்னாங்க, கல்லு மாதிரி இருந்தாங்க"ன்னு ஒரு வசனம் இருக்கு பாருங்க, அதைக் கேட்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும். எங்க ஆயா பெத்தது ஒம்பது, தங்குனது அஞ்சு. போன நாலு குழந்தைங்களுக்கும் தேதி தெரியாது. ஆனா பருவம் தெரியும். "சோளம் கதிர் அறுக்கையில போச்சு", "மல்லாட்டை புடுங்கையில போச்சு"ம்பாங்க. (மல்லாட்டைன்னா வேர்க்கடலை. மணிலாக்கொட்டைதான் எங்க வாய்ல தேஞ்சு மல்லாட்டை ஆச்சு.) ரெண்டு பேதியில போனது. ஒண்ணு அம்மையில. இன்னொண்ணு ஏன் போச்சுன்னே தெரியல.

1951 வாக்குல இந்தியாவுல ஒரு குழந்தை பொறந்தா அதோட சராசரி ஆயுள் ஏறக்குறைய 32 வருஷம்தான். அதுக்காக எல்லாரும் 32 வயசுல செத்துட்டாங்கன்னு அர்த்தம் இல்ல. பொறந்த வேகத்துல போன குழந்தைங்களும், பிரசவத்துல போன பொம்பளைங்களும் அந்தச் சராசரியை இழுத்துக் கீழே கொண்டு வந்துட்டாங்க. நாம பார்த்த எண்பது வயசுக் கிழவி, அத்தனையும் தாண்டித் தப்பிச்சு வந்தவங்க. தப்பிக்காதவங்க யாருக்கும் பாட்டி ஆகல. அதனால அவங்களைப் பத்திப் பதிவு எழுத யாரும் இல்ல. ஆயா மூஞ்சியில அம்மைத் தழும்பு கடைசி வரைக்கும் இருந்துது. அந்தப் பெரியம்மை இந்தியாவை விட்டுப் போனது 1975லதான். உலகத்துலயே இல்லைன்னு 1980ல அறிவிச்சாங்க. அதை விரட்டினது ஊசி. கம்பங்கூழ் இல்ல. கூழைத் திட்டலைங்க, எனக்கும் கூழ் புடிக்கும். கூழுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையைக் கூழுக்குக் கொடுப்போம், ஊசிக்குக் கொடுக்க வேண்டியதை ஊசிக்குக் கொடுப்போம்.

ரெண்டாவது கணக்கு. வேலை.

இதைத்தான் "சளைக்காம உழைச்சாங்க"ன்னு ஒரே வரியில எழுதித் தாண்டிடறோம். கொஞ்சம் நின்னு பாப்போம். கோழி கூப்பிட எழுந்திருக்கணும். வாசல் தெளிக்கணும். கேழ்வரகை ஏந்திரத்துல போட்டு மாவு அரைக்கணும். கம்பா இருந்தா உரல்ல போட்டு உலக்கையால குத்தி, மொறத்துல பொடைச்சு, மறுபடி குத்தி, மறுபடி பொடைக்கணும். அப்புறம் ஊர்க் கிணத்துல தண்ணி. இடுப்புல ஒண்ணு, தலையில ஒண்ணு. சாணி அள்ளி வரட்டி தட்டணும். அடுப்பு மூட்டிக் களி கிண்டணும். இது எல்லாம் முடிஞ்சாத்தான் பொழுது விடியும். அதுக்கப்புறம் கொல்லைக்கு. (எங்க பக்கம் கொல்லைன்னா மானாவாரி நிலம், வீட்டுப் பின்பக்கம் இல்ல.) களை வெட்டணும், மல்லாட்டை ஆயணும். மத்தவங்க கொல்லையிலயும் மல்லாட்டை ஆய்ஞ்சு கொடுப்பாங்க. கூலி, ஆய்ஞ்சதுல இத்தனைக்கு ஒரு பங்குன்னு. வெதைக்கு மல்லாட்டை உரிக்கற காலத்துல கட்டைவிரல் நகக்கண்ணு கிழிஞ்சு ரத்தம் வரும். அந்த விரலோடவே ராத்திரி மொளகா அரைப்பாங்க.

எங்க தாத்தா? அவரும் உழைச்சவர்தான். ஏர் ஓட்டினார், ஏத்தம் இறைச்சார். ஆனா பொழுது சாஞ்சதும் கையைக் காலை அலம்பிக்கிட்டுத் திண்ணையில குந்திடுவார். அவரோட நாளுக்கு ஒரு முடிவு இருந்துது. ஆயாவோட நாளுக்கு அது இல்ல.

இது பழங்கதைன்னு நினைச்சா, 2019ல இந்திய அரசே எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்க. சம்பளம் இல்லாத வீட்டு வேலை செய்யற பொம்பளைங்க அதுக்குச் செலவழிக்கறது ஒரு நாளைக்கு 299 நிமிஷம். ஆம்பளைங்க 97 நிமிஷம். அந்த 97 கூட எல்லா ஆம்பளைங்களையும் சேர்த்து இல்ல. வீட்டு வேலையில கை வைக்கற ஆம்பளைங்களுக்கு மட்டும் எடுத்த சராசரி. அப்படிக் கை வைக்கறவங்க நாலுல ஒருத்தர்தான். உலக்கை போச்சு, மிக்ஸி வந்துச்சு. கிணறு போச்சு, குழாய் வந்துச்சு. அஞ்சு மணி நேரம் மட்டும் அப்படியே நிக்குது. தமிழ்நாட்டுல 2023ல மாசம் ஆயிரம் ரூபாய் திட்டம் ஆரம்பிச்சப்போ அதுக்கு "உரிமைத் தொகை"ன்னு பேரு வெச்சாங்க. காசு பெருசா சின்னதான்னு நீங்க சண்டை போட்டுக்கலாம், ஆனா அந்தப் பேரு சரியான பேரு. எங்க ஆயா காலத்துல இந்த வேலைக்கு "உரிமை"ங்கற வார்த்தையை யாரும் பக்கத்துல கூடக் கொண்டு வரல.

மூணாவது கணக்குதான் எழுதக் கஷ்டமானது. இதுவரைக்கும் ஆயாவுக்கு வர வேண்டியதைப் பார்த்தோம். ஆயா கொடுக்க வேண்டியதும் ஒண்ணு இருக்கு.

கள்ளக்குறிச்சியில இருந்து மேற்கே பார்த்தா கல்வராயன் மலை தெரியும். கோமுகியும் மணிமுத்தாறும் அங்கதான் பொறக்குது. அங்க இருக்கற மலையாளி சனங்க (கேரளாக்காரங்க இல்லைங்க, மலையை ஆளறவங்க, பழங்குடி) சந்தை நாளுக்குக் கச்சிராயபாளையம் வழியா இறங்கி வருவாங்க. புளி, தேன், கடுக்காய், சாமை, தினை எல்லாம் தலைச்சுமையா வரும். ரோடு ஒழுங்கா இல்லாத காலம், ஒத்தையடிப் பாதையில நடந்தே வரணும். அதுல ஒரு அம்மா எங்க ஆயாவுக்கு வாடிக்கை. ஆயாவை விட நாலஞ்சு வயசு மூத்தவங்களா இருக்கும். ஆனா அவங்க ஆயாவை "அம்மா"ன்னு கூப்பிடுவாங்க, ஆயா அவங்களை "வா புள்ள"ம்பாங்க. திண்ணைக்குக் கீழே, வாசல்லதான் அவங்க உட்காரணும். தண்ணி கேட்டா தனிச் சொம்பு. அந்தச் சொம்பு மாட்டுக்கொட்டாய் எரவாணத்துல சொருகி இருக்கும்.

சாமைக்கு உப்பும் கருவாடும் மாத்து. மாத்தும்போது ஆயா சாமையைப் படியில கோபுரமா குமிச்சு அளப்பாங்க. உப்பை அளக்கும்போது கையால தலையை வழிச்சு விட்டுடுவாங்க. ரெண்டும் ஒரே படிதான். அந்தம்மாவுக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரியும். தெரிஞ்சு என்ன பண்ண? மலையில ராத்திரிக்கு உப்பு வேணுமே!

மலையில அவங்க நிலைமை என்னன்னு அப்ப எங்க வீட்டுல யாரும் கேட்டதில்ல. நாடு சுதந்திரம் வாங்கி இருபத்தொம்பது வருஷம் கழிச்சு, 1976ல, அவசரநிலைக் காலத்துலதான் கல்வராயன் மலையில ஜாகீர்தார்கள் ஆட்சி முடிஞ்சுது. அதுவரைக்கும் வரி ஜாகீர்தாருக்கு, கூலி இல்லாத வேலையும் ஜாகீர்தாருக்கு. நாம கொடி ஏத்தி மிட்டாய் தின்னுக்கிட்டு இருந்தப்போ, கொஞ்ச தூரம் தள்ளி இப்படி. மேலே ஜாகீர்தார் ஒரு படி எடுத்துக்கிட்டார், கீழே வந்தா எங்க ஆயா கோபுரத்துக்கு ஒரு கை எடுத்துக்கிட்டாங்க.

எழுதக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா எழுதாம விட்டா அந்த மலைக்காரம்மாவுக்கு இன்னொரு தடவை தலையை வழிச்ச படி கொடுத்த மாதிரி. அவங்களுக்கும் பேரப் பிள்ளைங்க இருப்பாங்க. அவங்க ஆயாவைப் பத்தி அவங்க எழுதினா, அதுல எங்க ஆயா எப்படி வருவாங்க?

ஒரு விஷயத்துல மட்டும் மலைக்காரம்மா எங்க ஆயாவை விட ஒசத்தி. மலையாளி சனங்கள்ல மாப்பிள்ளை வீடுதான் பொண்ணு வீட்டுக்குப் பரியம் கொடுக்கணும். புருஷன் செத்தா பொண்ணு மறுபடி கட்டிக்கலாம், யாரும் தப்பா பேச மாட்டாங்க. எங்க தாத்தா 1968ல செத்தப்போ ஆயாவுக்கு நாப்பது சொச்சம் வயசு. அந்த வயசுல பூ போச்சு, பொட்டு போச்சு, கலர்ப் புடவை போச்சு, நல்ல காரியத்துல முன்னாடி நிக்கறது போச்சு. அடுத்த முப்பத்தஞ்சு வருஷம் அப்படியே. மலைக்காரம்மா புருஷன் போய், ரெண்டாவதா ஒருத்தரைக் கட்டிக்கிட்டு, அவர் கூடவே சுமை தூக்கிக்கிட்டுச் சந்தைக்கு வந்தாங்க. முதல்ல ஆயா தெருவெல்லாம் சொல்லிச் சிரிச்சாங்களாம். ரொம்ப வருஷம் கழிச்சு எங்க அத்தைகிட்ட ஒரு நாள், "அவளுக்காச்சும் பேச ஒரு ஆளு கெடச்சுது"ன்னு சொன்னாங்களாம். அவ்வளவுதான். அதுக்கு மேல அதைப் பத்திப் பேசல.

நாலாவது கணக்கு, நெலம்.

அறுபதுகள்ல கோமுகி அணை கட்டினாங்க. அதுவரைக்கும் எங்க கொல்லை மழையை நம்பின நிலம், யாரும் சீந்தல. தண்ணி வந்ததும் கரும்பு வந்துது. கரும்பு மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போச்சு. காசு வந்துது. காசு வந்ததும் பாகப்பிரிவினை வந்துது. 1974ல எங்க பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூணு பேரும் பிரிச்சுக்கிட்டாங்க. ஆயாவும் ரெண்டு அத்தைங்களும் பத்திர ஆபீசுக்குப் போய் விடுதலைப் பத்திரத்துல கைநாட்டு வெச்சாங்க. அத்தைங்களுக்கு ஆளுக்கு ஒரு புடவை. ஆயாவுக்குப் புடவை கூட இல்ல, "அம்மாவுக்கு எதுக்கு?"

1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாத்தாவோட பங்குல ஆயாவுக்கும், ரெண்டு அத்தைங்களுக்கும், பசங்களுக்குச் சமமா ஆளுக்கு ஒரு பங்கு உண்டு. ஆயாவுக்கு அது தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாங்கன்னு எங்க வீட்டுல சொல்வாங்க. கேக்க விட்டிருந்தாதானே தெரியும்?

அந்தப் பத்திரத்தை அப்பாவோட தகரப் பெட்டியில பார்த்தேன். யாரோட தூண்டுதலும் இல்லாம, மனப்பூர்வமா விட்டுக் கொடுக்கறதா எழுதி இருக்கு. கீழே மசி பரவின ஒரு கட்டைவிரல். மல்லாட்டை உரிச்ச அதே விரல். எங்க ஆயாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்ல, கல்யாணப் பதிவு இல்ல, பட்டா இல்ல. ரேஷன் கார்டையும் ஓட்டர் லிஸ்டையும் விட்டா, அவங்க பேரு முழுசா வர்ற காகிதம் ரெண்டுதான். ஒண்ணு நெலத்தை விட்டப்போ எழுதினது. இன்னொண்ணு உயிரை விட்டப்போ எழுதினது.

இந்தப் பேரு விஷயம் நம்ம ஊருக்கு மட்டுமானது இல்ல. 1951-52ல நடந்த முதல் பொதுத் தேர்தலுக்கு லிஸ்ட் எடுக்கப் போனப்போ, வடக்கே லட்சக்கணக்கான பொம்பளைங்க தன் பேரைச் சொல்லல. "இன்னாரோட பொண்டாட்டி", "இன்னாரோட அம்மா"ன்னுதான் சொன்னாங்க. பேரில்லாம ஓட்டு கிடையாதுன்னு தேர்தல் கமிஷன் உறுதியா நின்னதுல ஏறக்குறைய 28 லட்சம் பேரை லிஸ்டுல இருந்து எடுக்க வேண்டி வந்துது. இருபத்தெட்டு லட்சம் ஆயாக்கள்!

நெலம் போனதுக்கு அப்புறம் ஆயாவுக்கு முறை வெச்சாங்க. மூணு பையன், ஆளுக்கு ஒரு மாசம் சோறு. முப்பத்தோரு நாள் மாசம் வந்தா அந்தக் கடைசி நாள் யாருதுன்னு ஒரு பேச்சு வரும். எங்க அப்பாவையும் சேர்த்துத்தான் சொல்றேன். யாரும் கெட்டவங்க இல்ல. எல்லாரும் ஆயா செத்தப்போ கதறி அழுதவங்கதான். போட்டோவுக்கு மாலை போட்டு, "எங்கம்மா தெய்வம்"னு சொன்னவங்கதான். அதனாலதான் எனக்கு அந்த வார்த்தை மேல இவ்வளவு கோபம்.

இப்ப சில பேர் கேப்பீங்க. "ஆயா சந்தோஷமாத்தானே இருந்தாங்க? அவங்களே குறை சொல்லாதப்போ நீ யாரு?"

நியாயமான கேள்வி. ஆயா சிரிக்கத் தெரிஞ்ச மனுஷி. தெருக்கூத்து வந்தா விடிய விடிய குந்திப் பார்ப்பாங்க. டென்ட் கொட்டாயில எம்ஜிஆர் படம்னா மணல் குமிச்சு உட்கார்ந்து பார்ப்பாங்க, வில்லனைப் பச்சையா திட்டுவாங்க. வெத்தலை இடிக்கற சின்ன உரலை யாரையும் தொட விட மாட்டாங்க. சுருக்குப் பையில எவ்வளவு இருந்துதுன்னு கடைசி வரைக்கும் மருமகளுங்க யாருக்கும் தெரியாது. தெருவுல நாலு பேருக்கு வட்டிக்குக் கூட விட்டிருந்தாங்கன்னு செத்ததுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. பத்து நாள் கழிச்சு ஒருத்தங்க வந்து, "ஆயாகிட்ட வாங்கினது"ன்னு நூறு ரூபாய் கொடுத்துட்டுப் போனாங்க. இதெல்லாம் எழுதணும். இதெல்லாம்தான் எழுதணும்! ஆனா சிரிச்சாங்கங்கறதுக்காக வலிக்கலைன்னு ஆயிடாது.

புதுச்சேரி பக்கத்துக் கிராமத்துல வீரம்மான்னு ஒரு தலித் அம்மா. வயல் வேலை செய்வாங்க, பிரசவம் பார்ப்பாங்க, நிறைய பாட்டு தெரியும். பெத்த குழந்தைங்கள்ல முக்கால்வாசியைப் பறிகொடுத்தவங்க. அவங்க சொல்லச் சொல்ல, ஜோசியான் ராசீன் வருஷக்கணக்கா உட்கார்ந்து கேட்டுப் பதிவு பண்ணாங்க. 1995ல அது பிரெஞ்சுல புத்தகமா வந்துது. 1997ல இங்கிலீஷ்ல. பிரெஞ்சுப் புத்தகத்தோட தலைப்புலயே "சிரிப்பு"ங்கற வார்த்தை இருக்கு, அடிமைப்பட்டவங்களோட சிரிப்புன்னு. சிரிப்பும் வலியும் ஒரே வாயில இருந்து வந்ததை அந்தம்மா மறைக்கல, எழுதினவங்களும் மறைக்கல. நம்ம தெருக்கோடியில தமிழ் பேசின ஒரு அம்மாவோட வாழ்க்கையைப் பாரீஸ்காரங்க முதல்ல படிச்சாங்க. நாம அந்த நேரத்துல பாட்டி கைமணம் பத்திப் பேசிக்கிட்டு இருந்திருப்போம்.

ஏன் இப்ப இதையெல்லாம் கிளறுறேன்? எங்க வீட்டுல மறுபடி ஒரு பத்திரம் தயாராகுது.

கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகர் ஆனதுல இருந்து எங்க பக்கம் நெலம் விலை ஏறிடுச்சு. அப்பா பங்குக்கு வந்த நெலத்துல அறுபது சென்ட் மிச்சம் இருக்கு. மனை போட ஆள் வந்திருக்கு. அப்பா இப்ப இல்ல. எனக்கு ரெண்டு அக்கா. "அக்காங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டா முடிஞ்சுது. ஆளுக்கு ஒரு பட்டுப் புடவை எடுத்துடலாம்"னு பெரியவங்க பேசிட்டாங்க. ஆயா காலத்துப் புடவை இப்ப பட்டுப் புடவை ஆயிருக்கு. முன்னேற்றம்தான்!

இத்தனைக்கும் சட்டம் ரொம்ப தூரம் வந்தாச்சு. 1989ல தமிழ்நாடு, மகனுக்கு இருக்கற மாதிரி மகளுக்கும் பூர்வீகச் சொத்துல பிறப்பாலேயே உரிமைன்னு சட்டம் போட்டுது. அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்களுக்கு மட்டும் இல்லைன்னு ஒரு ஓட்டை இருந்துது. 2005ல மத்திய அரசுத் திருத்தம் அந்த ஓட்டையை அடைச்சுது. அப்பா 2005ல உயிரோட இருந்தாரா இல்லையாங்கறது முக்கியம் இல்ல, மகளுக்கு உரிமை உண்டுன்னு 2020ல உச்ச நீதிமன்றமும் சொல்லிடுச்சு. முன்னாடியே முறையா பதிவு பண்ணி முடிச்ச பாகப்பிரிவினைகளைத்தான் இது தொடாது. சட்டம் வந்ததால என்ன ஆச்சு தெரியுமா? முன்னாடி அக்காங்களைக் கேக்கவே மாட்டோம், இப்ப கூப்பிட்டுக் கையெழுத்து கேக்கறோம். கையெழுத்து வாங்கறதையே பங்கு கொடுத்ததா நினைச்சுக்கறோம்.

மூணு பங்கா பிரிச்சாத்தான் நான் கையெழுத்து போடுவேன்னு சொல்லிட்டேன். ஒரு சித்தப்பா பேசறதை நிறுத்திட்டார். சொந்தத்துல எனக்கு இப்ப பேரு "வக்கீல்". இதுல பெரிய அக்காவே, "எதுக்குடா வம்பு, பொறந்த வீடு வேணும் எனக்கு"ன்னுது. அங்கதான் எனக்குப் புரிஞ்சுது. ஆயா ஏன் கைநாட்டு வெச்சாங்கங்கறதுக்கு பதில் இதுதான். நெலத்தைக் கேட்டா வாசல் மூடிடும்னு பயம். மனப்பூர்வம்னு பத்திரத்துல எழுதறமே, அதுக்கு எங்க பக்கத்து அர்த்தம் இதுதான். அக்காகிட்ட, "பங்கு கொடுத்தா வாசல் மூடும்னா அது பொறந்த வீடே இல்லக்கா"ன்னு சொன்னேன். பதில் சொல்லல. யோசிக்குது.

மக்களே, இவ்வளவு நேரம் பொறுமையா படிச்சதுக்கு உங்ககிட்ட மூணு விஷயம் கேட்டுக்கறேன்.

உங்க வீட்டுல ஒரு ஆயாவோ அப்பத்தாவோ அம்மாச்சியோ இன்னும் இருந்தா, கைமணத்தைப் பத்தி அப்புறம் கேளுங்க. முதல்ல, பெத்தது எத்தனை, தங்குனது எத்தனைன்னு கேளுங்க. என்னத்துல கைநாட்டு வெச்சாங்கன்னு கேளுங்க. யாருக்குத் தனிச் சொம்பு வெச்சாங்கன்னும் கேளுங்க. திட்டுவாங்க. பரவாயில்ல, திட்டையும் சேர்த்து எழுதுங்க.

அவங்க பேசற வார்த்தைகளை அப்படியே எழுதி வைங்க. விருத்தாசலம் பக்கத்து எழுத்தாளர் கண்மணி குணசேகரன் "நடுநாட்டுச் சொல்லகராதி"ன்னு தொகுத்து வெச்சிருக்கார். அந்த மாதிரி ஒரு வேலைக்கு நம்ம வீட்டுத் திண்ணையில கிடைக்கற வார்த்தை ஒவ்வொண்ணும் ஆதாரம். ஆயா போனா அவங்களோட ஒரு அகராதியும் போகுது.

மூணாவது, சொத்தைப் பிள்ளைங்க பேருக்கு எழுதி வாங்கிக்கிட்டுக் கவனிக்காம விட்டுட்டாங்கன்னு எந்தக் கிழவியாவது சொன்னா, 2007ல பெற்றோர் பராமரிப்புச் சட்டம்னு ஒண்ணு வந்திருக்குன்னு சொல்லுங்க. கவனிச்சுக்கணுங்கற நிபந்தனையோட எழுதிக் கொடுத்ததை, கவனிக்கலைன்னா ரத்து பண்ணக் கேக்கலாம். கோட்டாட்சியர் கிட்ட மனு கொடுக்கலாம். எங்க ஆயாவுக்கு அந்தச் சட்டம் நாலு வருஷம் பிந்திடுச்சு. உங்க தெருவுல இருக்கற ஆயாவுக்குப் பிந்தல.

பி.கு: "செத்தவங்களைப் பத்தி இப்படி எழுதலாமா"ன்னு பின்னூட்டத்துல திட்டப் போறவங்க தாராளமா திட்டலாம். ஆனா கூடவே உங்க ஆயாவோட பேரை ஒரு தடவை முழுசா எழுதிட்டுத் திட்டுங்க. எத்தனை பேருக்குத் தெரியுதுன்னு பாப்போம்.